சிவப்புக் கோடு எந்தத் தாவல்?

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காத சமயம். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குக் கரி வாயுவில் ஓடும் பஸ்தான். பாளையம்பட்டி தாண்டியதும் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் பின்னால் இருந்த கரியடுப்பைக் கிளறினார்.

கூட வந்தவன் என் கல்லூரித் தோழன். சேலை நெய்கிற குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். பௌதிகச் செய்முறைத் தேர்வில் ஒரு தடவை தவறியவன். அன்று பிற்பகல் மறுபடியும் தேர்வு. இதிலும் தவறினால் தறியில் உட்கார வேண்டியதுதான் என்று அவன் அப்பா சொல்லியிருந்தார். நான் முன்பே தேறிவிட்டதால் துணைக்குப் போனேன்.

இறங்கி நின்றபடி கேட்டேன். "ஹைட்ரஜன் குழாயில மின்சாரம் விட்டு, முப்பட்டகம் வழியா பாத்தா?"

"தனித்தனிக் கோடு. சிவப்பு, நீலப்பச்சை, ஊதா."

"சிவப்பு எந்தத் தாவல்?"

"எலெக்ட்ரான் அஞ்சாம் வட்டத்துலருந்து ரெண்டுக்கு விழுறது. மூணுலருந்து ரெண்டுக்கு விழுந்தா ஊதா."

தலைகீழ். போன தேர்விலும் இதைச் சொல்லித்தான் மாட்டினான். ஏன் என்று கேட்டேன்.

"ஏலே, குறுக்க ஓடுற ஊடை நூல், நெடுக்கக் கிடக்குற பாவுல ஒரு இழை தாண்டினா குட்டையாக் கிடக்கும். மூணு இழை தாண்டினா நீளமாக் கிடக்கும். பெரிய தாவலுக்குப் பெரிய அலைநீளம். சிவப்புக்குத்தானே அலைநீளம் ஜாஸ்தி?"

மறதி அல்ல, தறியில் கண்ணால் பார்த்தது. எத்தனை திருத்தியும் திரும்பி வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

"சரி, நூல்ல இருபதாம் நம்பர் எப்படி, நூறாம் நம்பர் எப்படி?"

"இருபது தடி. நூறு மெல்லிசு."

"நம்பர் கூடக் கூட?"

"மெல்லிசாயிரும். அப்போ சக்தி கூடக் கூட அலை குறுகுமா!" கீழே கிடந்த கரித்துண்டை எடுத்து, சுண்ணாம்படித்த மைல்கல்லில் எழுத ஆரம்பித்தான். மூன்றிலிருந்து இரண்டுக்குச் சக்தி குறைவு. அலைநீளம் ஆறாயிரத்து ஐந்நூற்று அறுபது ஆங்ஸ்ட்ராம் சொச்சம். சிவப்பு. ஐந்திலிருந்து இரண்டுக்குச் சக்தி அதிகம். நாலாயிரத்து முந்நூற்று நாற்பது. ஊதா. இரண்டும் ஆய்வகத்தில் நாங்கள் அளந்த எண்கள். எனக்குக் கை பரபரத்தது. கரியைப் பிடுங்கி, நாலிலிருந்து இரண்டுக்கான கணக்கை நானே போட்டேன்.

"ஏம்ப்பா காலேஜு," என்றார் கண்டக்டர், "மதுரை எம்புட்டுத் தூரம்னு அதுலயே போட்டிருக்காகளே. அதுக்கு இம்புட்டுக் கணக்கா?"

பிற்பகல் மதுரையில் தேர்வறையிலிருந்து அவன் வெளியே வந்தபோது ஓடிப்போய்க் கேட்டேன். "பரீட்சகர் சிவப்பைக் கேட்டாரா?"

"கேக்கலை. ஒண்ணாம் வட்டத்துக்கு விழுந்தா என்னன்னு கேட்டார்."

அதை நாங்கள் பேசவே இல்லை.

"இன்னும் பெரிய தாவல், அலை இன்னும் குறுகும், ஊதாவைத் தாண்டிரும், கண்ணுக்குத் தெரியாதுன்னேன்."

"அவர்?"

"மேல என்ன படிக்கப் போறேன்னு கேட்டார்."