வேம்புக்கு எந்தப் பக்கம்

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் கல்லூரியின் உதைபந்தாட்ட அணி ஐந்து வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. எங்கள் கல்லூரி என்று நான் உரிமை கொண்டாடுவதில் இரண்டு சிக்கல் உண்டு. அது, பள்ளிக்கூடத்தையும் கல்லூரி என்றே சொல்லும் யாழ்ப்பாணத்தில் இருந்தது. நான் சிட்னியில் பிறந்து அங்கேயே வென்ட்வேர்த்வில்லில் வளர்ந்தவள். அதோடு அது ஆண்கள் கல்லூரி. இந்த இரண்டும் என்னை ஒருநாளும் உறுத்தியதில்லை. பழைய மாணவர் சங்கத்தின் வருடாந்த விருந்தில் எல்லோரும் எழுந்து நின்று கல்லூரிப் பாட்டைப் பாடும்போது, அங்கே படித்தவர்களே இரண்டாவது சரணத்தில் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள். மூன்று சரணத்தையும் முழுதாகப் பாடுகிற ஆள் நான் ஒருத்திதான்.

அணி என்றால் சிட்னியில் வாழும் பழைய மாணவர்களின் அணி. குளிர்காலத்து ஞாயிறுகளில் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் அணிகள் எல்லாம் ஒரு பூங்கா மைதானத்தில் மோதிக்கொள்ளும். விதி ஒன்றுதான். அந்தந்தக் கல்லூரியில் படித்தவர் மட்டுமே ஆடலாம்.

எங்கள் பயிற்சியாளரை நான் கோச் அங்கிள் என்று கூப்பிடுவேன். வார நாட்களில் பேருந்து ஓட்டுவார், ஞாயிறில் எங்கள் அணியை ஓட்டுவார். அணியையும் தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் நிறுத்தித்தான் ஓட்டினார். ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். ஆட்டம் தொடங்கும்போது எங்கள் ஆட்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். ஆட்களைத் தெரிவுசெய்வதோ வயது வரிசையில். இப்படியாக எங்கள் முன்வரிசையில் ஒரு கணக்காளரும், முழங்காலில் பட்டி கட்டிய ஒரு பல் வைத்தியரும், கன்பராவிலிருந்து கார் ஓட்டி வருகிறார் பாவம் என்ற ஒரே தகுதியில் இன்னொருவரும் நின்றார்கள்.

அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் கோட்டோரம் மடக்குக் கதிரைகளில் இருந்து றோல்ஸ் கடித்தபடி பொருமுவார்கள். வீட்டுக்குப் போகும் வழியில், காருக்குள், கோச் அங்கிளை வாராவாரம் பதவியிலிருந்து தூக்குவார்கள். அவர் முன்னால் மட்டும் ஒருவருக்கும் வாய் திறவாது. அப்பா ஆறாம் வகுப்பில் இருந்தபோது கோச் அங்கிள் கல்லூரி அணித் தலைவர். அவருடைய சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவர்கள்தான் இவர்கள் எல்லோரும். முப்பது வருடம் கழிந்து, கடல் கடந்து வந்து, வீடு வாசல் வாங்கிய பிறகும் அந்தச் சப்பாத்தை இவர்கள் கீழே வைக்கவில்லை. "ஓம் அண்ணை" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

அதனால் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொல்லி அனுப்புவார்கள். ஒன்பதாம் நம்பரை எடுக்கச் சொல்லு, பல் வைத்தியரைப் பின்னுக்கு விடச் சொல்லு. நான் மைதானத்தைச் சுற்றி ஓடிப்போய்ச் சொல்லிவிட்டுப் பதிலோடு வருவேன். பதில் நீளமாக இருந்தால் சாரத்தை மட்டும் கொண்டுவருவேன். விஷயத்தைச் சுருக்கிச் சொல்லக் கெட்டிக்காரி என்று என் வகுப்பு ஆசிரியை ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார், எனக்கு அதில் மிகுந்த பெருமை.

அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, தொலைக்காட்சி ஓயாமல் படகுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம். அப்படி ஒரு படகில் வந்து, தடுப்பு முகாமில் இருந்து, தற்காலிக விசாவில் வெளியே வந்த ஒருவர் ஸ்டேசனுக்குப் பக்கத்துப் பலசரக்குக் கடையில் வேலை செய்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். எனக்கு அவர் கடை அண்ணா. ஒரு சனிக்கிழமை அவர் வெங்காய மூட்டையைத் தூக்கும்போது ஒரு வெங்காயம் நழுவி விழுந்தது. நிலத்தில் படமுன் அதைப் பாதத்தில் ஏந்தி, முழங்காலுக்குத் தட்டி, மறுபடி பாதத்துக்கு விட்டு, அப்படியே பெட்டிக்குள் போட்டார். மூட்டை தோளிலேயே இருந்தது. அப்பா மீன் வாங்க வந்ததை மறந்து நின்றார்.

எந்தக் கல்லூரி என்று அப்பா கேட்டார். கடை அண்ணா சொன்ன பெயரைக் கேட்டதும் அப்பாவின் முகம் விழுந்தது. அது எங்கள் பரம எதிரி. இரண்டு கல்லூரிக்கும் பின்மதில் ஒன்றே. வருடத்தின் கடைசி ஆட்டம் எப்போதும் அவர்களோடுதான், அந்த ஆட்டத்தில் வென்றால் மற்றதெல்லாம் தோற்றாலும் பரவாயில்லை.

அப்பா மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் கடை அண்ணாவை எங்கள் வீட்டுக் குசினி மேசைக்குக் கூட்டிவந்து என் முன்னால் இருத்தினார். சான்றிதழ்கள் எல்லாம் வழியில் தொலைந்துவிட்டன என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் புதிதாக வருகிறவரைக் கோச் அங்கிள் தானே கேள்வி கேட்டுப் பார்ப்பார். ஆகவே கடை அண்ணா எங்கள் கல்லூரிக்காரனாக வேண்டும், அவரை அப்படி ஆக்க வேண்டியவள் நான்.

நான் கண்டிப்பான ஆசிரியை. பாட்டு, அதிபரின் பட்டப்பெயர், சிற்றுண்டிச்சாலை இருந்த இடம் எல்லாம் படிப்பித்தேன். பத்துக்குப் புள்ளி போட்டேன். மூன்றாவது சரணத்தில் அவர் எப்போதும் தடக்குவார், நான் "இன்னொருக்கா" என்பேன், அவர் "ஓம் ரீச்சர்" என்று சிரித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவார். அம்மா தோசை சுட்டுப் போட்டபடி இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். எதற்காக இதற்குச் சம்மதித்தீர்கள் என்று ஒருநாள் கடை அண்ணாவைக் கேட்டேன்.

"வந்ததில இருந்து பந்தில கால் படேல்ல, ரீச்சர்" என்றார்.

அது எனக்குப் போதுமான காரணமாகப் பட்டது. நானே அதற்குள் இரண்டு பள்ளி மாறியிருந்தேன். பழைய சீருடையைக் கழற்றிப் புதியதைப் போட்டுக்கொண்டு போனேன், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

பரீட்சை நாளன்று அப்பா தெரியாதவர்போல் தூரத்தில் காரிலேயே இருந்துகொண்டார். நான் கடை அண்ணாவோடு போனேன். கோச் அங்கிள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பாட்டைக் கேட்கவில்லை, அதிபரைக் கேட்கவில்லை. என் உழைப்பெல்லாம் வீண்.

"பின்மதில்ல ஒரு ஓட்டை இருக்கெல்லே, பெடியள் களவாப் பூந்து போறது. வேம்புக்கு எந்தப் பக்கம் அது?"

நான் படிப்பிக்காத கேள்வி. கடை அண்ணாவோ யோசிக்கவே இல்லை.

"இடப்பக்கம், ஐயா."

கோச் அங்கிள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு பையைத் திறந்து பத்தாம் நம்பர் ஜேர்சியை எடுத்து நீட்டினார். நான் காருக்கு ஓடினேன். என்ன கேட்டவர் என்று அப்பா பதறினார். மதில் ஓட்டையைப் பற்றிக் கேட்டார், கடை அண்ணா சரியாகச் சொல்லிவிட்டார் என்றேன். இடமும் வலமும் சாரத்தில் சேராது என்று விட்டுவிட்டேன்.

அதன்பின் மூன்று ஆட்டம். இரண்டில் வென்றோம், ஒன்று சமநிலை. முதல் வெற்றியன்று கணக்காளர் மைதானத்தில் இருந்து அழுதார். கடை அண்ணா பந்தோடு ஓடும்போது அவர் கால் புல்லில் படுகிறதா என்று நான் குனிந்து பார்ப்பேன். ஆனால் பாராட்டு ஒன்றும் கோச் அங்கிளுக்குப் போகவில்லை. இப்படி ஒருத்தன் இருந்தால் மைதானத்து விளக்குக் கம்பமும் கோச்சாக நிற்கலாம் என்றார் அப்பா, காருக்குள்.

கடைசி ஞாயிறு வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்தாரோடு ஆட்டம். எதிரியின் ஆளைக்கொண்டே எதிரியை அடிக்கப்போகிறோம் என்று அப்பா காலையிலிருந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு அணியும் வரிசையாக நின்றன. முதலில் எங்கள் பாட்டு. கடை அண்ணா மூன்றாவது சரணத்தைத் தடக்காமல் பாடினார், நான் கோட்டுக்கு வெளியே நின்று மனதுக்குள் பத்துக்குப் பத்துப் போட்டேன். பிறகு அவர்கள் பாட்டு. அப்போது கடை அண்ணா தலையைக் குனிந்துகொண்டார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை அசைந்துகொண்டே இருந்தது.

விசில் ஊதமுன் கோச் அங்கிள் கடை அண்ணாவின் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டுபோய் மாற்று ஆட்கள் இருக்கும் மர வாங்கில் இருத்தினார். அவருக்குப் பதிலாகக் கன்பராக்காரர் இறங்கினார்.

முதல் கோல் பத்து நிமிடத்தில் விழுந்தது. கோட்டோரம் கதிரைகள் எல்லாம் காலியாகிவிட்டன, எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள். பத்தாம் நம்பரை இறக்கச் சொல்லு என்று அப்பா என்னை விரட்டினார். நான் ஓடினேன். கோச் அங்கிள் என் உயரத்துக்குக் குனிந்து, மெதுவான குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"பிள்ளை, கொப்பரிட்ட இப்பிடியே போய்ச் சொல்லு. அவையின்ர பாட்டுப் போகேக்க தம்பியின்ர வாயைப் பாக்கேல்லையோ எண்டு. அவருக்கு விளங்கும்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பள்ளி அசெம்பிளியில் வாய் அசைத்தால் மதிய இடைவேளை போய்விடும். என் மாணவனுக்கு ஒழுக்கம் இல்லை, நான் படிப்பித்தது சரியில்லை என்று இவர் அப்பாவிடம் முறைப்பாடு செய்கிறார். மூன்றாவது சரணத்தை எவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரோசம் பொங்கியபடி திரும்பி ஓடினேன்.

"இறக்கமாட்டாராம்" என்றேன்.

"ஏனாம்?"

"ஒண்டும் சொல்லேல்ல."

அப்பா என் கையில் தேநீர்க் கோப்பையைத் தந்துவிட்டு நேராக மைதானத்துக்குக் குறுக்கே நடந்தார். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது, நடுவர் விசில் ஊதினார், அப்பா நிற்கவில்லை. இரண்டு கல்லூரிச் சனமும் பார்த்துக்கொண்டிருக்க, முப்பது வருடமாக ஓம் அண்ணை மட்டும் சொன்ன வாய் திறந்தது. உங்களுக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும், இந்த அணியை நாசமாக்கினது நீங்கள்தான், உங்கள் கௌரவத்துக்காக ஒரு நல்ல பெடியனை வாங்கில் காய விடுகிறீர்கள் என்று கத்தினார். கோச் அங்கிள் அப்பாவைப் பார்த்தார், அப்பாவுக்குப் பின்னால் ஓடிவந்து நின்ற என்னைப் பார்த்தார். பிறகு ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் கோச் அங்கிளின் பந்துப் பையைக் கடை அண்ணாதான் தூக்கிக்கொண்டு போனார். அவர் ஏன் கோபப்படவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

கோச் அங்கிளை நீக்கச் சொல்லிச் சங்கத்துக்குக் கொடுத்த கடிதத்தை அப்பா தமிழில் சொல்லச் சொல்ல நான்தான் ஆங்கிலத்தில் டைப் செய்தேன். அப்பா சொல்லாத இரண்டு கடுமையான சொற்களைத் தொலைக்காட்சி விளையாட்டுச் செய்தியிலிருந்து எடுத்து நானே சேர்த்தேன். பொதுக்கூட்டத்தில் கோச் அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இங்கிலிஷ் நல்லா இருக்கு. ஆர் எழுதினது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன்.

"கெட்டிக்காரி" என்றார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்துவிட்டு, போட்டு வாறன் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிப் போனார்.

அடுத்த வருடம் அப்பா கோச். ஆறு கோல் வாங்கினோம். கூட்டாளிகள் தங்கள் தங்கள் காருக்குள் அப்பாவைப் பதவி நீக்கினார்கள். கடை அண்ணா ஒரு பயிற்சிக்கும் வரவில்லை. வேலை கிடைத்து மெல்பேர்ண் போய்விட்டார் என்று கடைக்காரர் சொன்னார். எனக்குச் சொல்லாமல் போய்விட்டாரே என்று அவர் மேலும் கோபித்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்குக் கோபத்துக்குக் குறைவே இல்லை.

போன வருடம் முதல்முறையாக யாழ்ப்பாணம் போனேன். காவலாளியிடம் எங்கள் கல்லூரி என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். பின்மைதானத்தில் வேம்பு நின்றது, மதிலை விட உயரம், அதன் பாதிக் கொப்புகள் அடுத்த கல்லூரிக்குள். மதிலில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு இடம் சீமெந்தால் அடைத்திருந்தது. எங்கள் மைதானத்தில் மதிலைப் பார்த்து நின்றால் அது வேம்புக்கு வலப்பக்கம்.

நான் தள்ளி நின்று பார்த்தேன், கையை நீட்டிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் வலப்பக்கம். மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு மட்டும்தான் அது இடப்பக்கம். ஆக, முதல் நாளே கோச் அங்கிளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஜேர்சி கொடுத்தார். தெரிந்துகொண்டுதான், சொந்தப் பள்ளிக்கு எதிராக அந்தப் பிள்ளையை ஓடவிடாமல் வாங்கில் இருத்தினார். இரண்டு பக்கத்துச் சனமும் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் காரணத்தைச் சொன்னால் கடை அண்ணாவும் அகப்படுவார், அப்பாவும் அகப்படுவார். வெயிலில் நின்றபடியே எனக்கு உடம்பு கூசியது.

அங்கே நின்றே அப்பாவை அழைத்தேன். வலம், இடம் எல்லாம் சொன்னேன். பிறகு கோச் அங்கிள் குனிந்து சொன்ன அந்த இரண்டு வரியையும் ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.

"நீ எனக்கு வந்து சொன்னனீ எண்டெல்லே அண்ணை நினைச்சுக்கொண்டிருக்கிறார்" என்றார் அப்பா. "எனக்கு எல்லாம் விளங்கின பிறகும் அப்பிடிக் கத்தினனான் எண்டு."

கடிதத்தை டைப் செய்த பிள்ளைக்கும் எல்லாம் விளங்கியிருந்தது என்றுதான் கோச் அங்கிள் நினைத்திருப்பார். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா அதற்குள் அம்மாவிடம் கார்ச் சாவி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.