முண்டம் என்று நான் வைத்த பெயர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, பேசாலையில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பாடகர் மாடத்தில் ஆறு பேர் இருந்தோம். கீபோர்ட் வாசித்துப் பாட்டுப் பழக்கும் ரீச்சர், பாடும் பெண்கள் மூவர், அவர்களில் ஒருத்தியான என் அக்காவின் கணவர், வீடியோ எடுக்கப் போன நான். அடிச்சுரம் வாசிக்கும் பேஸ் கிற்றார்காரன் இல்லை. அவன் பிரான்சுக்குப் போய் ஆறு மாதமாகியிருந்தது. அவன் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் அத்தானின் மடியில் அந்த நீலக் கிற்றார் இருந்தது.

அத்தான் பைபர் படகு திருத்துகிறவர். கிற்றாரின் உடம்பை, படகுக்கு ஒட்டுப் போடுவது போலவே பைபர் விரிப்பும் ரெசின் பசையும் கொண்டு வார்த்திருந்தார். நீலம் யாருடைய படகுக்கோ பூசி மிஞ்சியது. கழுத்து, உடைந்த அலுமாரியின் தேக்குப் பலகை. கம்பிகள் எட்டு. கழுத்து முடியும் இடத்தில் வழக்கமாக இருக்கும் தலை, அதாவது கம்பி முறுக்கும் ஆணிகள் பூட்டிய அந்த அகன்ற துண்டு, இல்லவே இல்லை. சுருதி சேர்ப்பதற்குக் கீழ்ப்பக்கத்தில் எட்டுத் துருப்பிடிக்காத ஆணிகளை வைத்திருந்தார். விரல் அழுத்தும் இடங்களில் கழுத்தின் குறுக்கே ஓடும் பித்தளைக் கட்டைகள் நேராக இல்லாமல் விசிறி மடிப்பைப் போலச் சாய்ந்து கிடந்தன.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகமும் போய், மன்னாரில் ஒரு கந்தோரில் வேலையில் இருக்கிறேன். படித்தவன் எதைப் பற்றியும் கருத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஓர் எண்ணம். கிற்றார் வடிவமைப்புகளைப் பற்றித் தமிழில் பேசும் ஒரு வீடியோப் பக்கத்தை இணையத்தில் நடத்தினேன். கையால் நான் வாசித்தது குறைவு. வாயால் வாசித்ததுதான் கூட. தலையில்லாக் கிற்றார்கள் வெறும் மோஸ்தர், ஆறு கம்பியை ஒழுங்காக வாசிக்கத் தெரியாதவனே எட்டுக் கம்பி கேட்கிறான் என்பவை என் உறுதியான கருத்துகள். அவற்றுக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது.

அன்று அத்தான் கமராவுக்கு முன்னால் எல்லாவற்றையும் விளக்கினார். வெட்கப்பட்டுக்கொண்டுதான் பேசினார். "இந்த மாடத்தில தலையோட ஒரு கிற்றாரைப் பிடிச்சுக்கொண்டு திரும்பேலாது மச்சான், ரீச்சரின்ர கண்ணாடி போயிரும். மற்றது உப்புக் காத்து. கடையில வாற முறுக்காணி ஒரு வருசத்தில இறுகிப்போகுது. தடிச்ச ரண்டு கம்பியும் பேஸுக்கு. அதுகளுக்கு நீளம் காணாட்டிச் சத்தம் தொளதொளக்கும், அதுதான் கட்டையளைச் சரிச்சனான்." பிறகு ஒரு பாட்டு முழுவதையும் வாசித்தார். ஒரே ஆள், ஒரே கருவி. அடியில் பேஸ் நடந்தது, மேலே சுரங்கள் போயின. ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

வீட்டுக்கு வந்து நான் அந்த விளக்கத்தை வெட்டினேன். பாட்டையும் வெட்டினேன். காரணம் தெரிந்தால் யாருக்கும் சிரிப்பு வராது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கிற்றாரின் படத்தை மட்டும் வைத்து, "பாருங்கோ, இது கிற்றார் இல்லை, முண்டம்" என்று பேசி என் பக்கத்தில் ஏற்றினேன். முண்டம் என்றால் தலையில்லாத உடல். எங்கள் பக்கத்தில் மூளையில்லாதவனைத் திட்டுவதும் அதே சொல்லால்தான். இரண்டு பொருளும் தெரிந்துதான் சொன்னேன். அத்தானின் பெயரை நான் சொல்லவில்லை என்பதைப் பெரிய நாகரிகமாக நினைத்தேன். ஆனால் அந்த நீலத்தை அடையாளம் காணாதவன் எங்கள் கரையில் எவன்?

மூன்றாம் நாள் காலை கரைக்குப் போனேன். அத்தான் ஒரு படகின் அடியில் குனிந்திருந்தார். படகுக்காரர் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "முண்டம் அண்ணை, என்ர போட்டுக்குத் தலையை வெட்டிப்போடாதேங்கோ, கடலுக்குப் போக வேணும்!" என்றார். வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். "தலை இருந்தும் நீ எங்க மீனைக் கண்டனீ?" என்று பதிலும் கொடுத்தார். என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தவில்லை. ரெசின் காய்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"முண்டமெண்டு சொன்னது பரவாயில்லை மச்சான். அதை ஒருக்காப் பாட விட்டிட்டுச் சொல்லியிருக்கலாம்."

அன்றே வீடியோவை அழித்தேன். சொல்லை அழிக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு அத்தான் பூசைக்கு வந்தார், மாடத்துக்கு ஏறவில்லை. கீழே, ஆண்கள் பக்கத்தில் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். ரீச்சர் வீடு தேடிப் போய்க் கேட்டார். "நான் மேல நிண்டா சனம் பூசையைப் பாராது ரீச்சர், என்னைத்தான் பாக்கும்" என்றாராம். நான் மன்னிப்புக் கேட்கப் போன அன்று அக்கா கதிரையை இழுத்துப்போட்டு, தேத்தண்ணியும் தந்துவிட்டுச் சொன்னாள்: "அவர் உன்னில கோவமில்லை. இனி வாசிக்கமாட்டார், அவ்வளவுதான். எங்களுக்குப் படிப்பில்லை. நீ படிச்சனீ, உனக்கு ஒரு சொல்லுக் கிடைச்சுது."

இப்போது யாராவது கேட்டால் என் கருத்து இதுதான்: ஒரு கருவியின் வடிவம் எந்த இடத்துக்கு, எந்தக் குறைக்கு, எந்தக் காற்றுக்கு வந்தது என்று அறியாமல் அதை அழகென்றோ அசிங்கமென்றோ சொல்லக்கூடாது. ஆனால் அறியாமல் சொன்னவன் என்று என்னைச் சொல்ல முடியாது. நான் அறிந்தே சொன்னேன்.

இந்த வருடத் திருநாளுக்கு மன்னாரிலிருந்து ஒரு பேஸ்காரரைக் கூலிக்குப் பிடித்தார்கள். வாசித்ததற்குப் பதினைந்தாயிரம், வந்துபோகும் வான் வாடகைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு, சாப்பாட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு. பாடகர் குழு வீடு வீடாகச் சேர்த்தது. யாரும் கேட்குமுன்னே அத்தான் தன் பங்கைக் கொடுத்திருந்தார். மொத்தம் இருபத்து மூவாயிரம் ரூபா. அதில் அவருடையது இரண்டாயிரம்.