ஒன்பதாவது குரலுக்குக் காத்திருந்த பாட்டு

“…அது பாட்டே இல்ல சம்பந்தம், ஆஜர் எடுக்கறது. அன்னிக்கும் அப்படித்தான் எழுதினேன். இன்னிக்கு பேனாவைக் கையில கொடுத்தாலும் அதையேதான் எழுதுவேன்” என்று என்னிடம் சொன்னார் வரதராஜன் சார். ஜீப் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் மடியில் வைத்திருந்தார்.

சாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிசைன் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. டவுன்ஷிப்பில் எங்கள் கிளப் ஆண்டுவிழாவில் எந்தப் பாட்டு மேடையேறலாம் என்பதை இன்றைக்கும் அவர்தான் முடிவு செய்கிறார். கர்நாடக சங்கீதம், மெல்லிசை, மேற்கத்திய இசை எல்லாம் அத்துப்படி. அவர் தலையாட்டினால் அடுத்த பிளாக்கில் இருப்பவரும் தலையாட்டுவார்.

நான் பெல்ட் செக்‌ஷனில் வேலை பார்த்தவன். பள்ளிக்கூடம் பாதியிலேயே நின்றுபோனது. மீதிப் படிப்பெல்லாம் மனிதர்கள் பேசியதைக் கேட்டுத்தான்.

இந்த வருடம் கிளப்புக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் மண்ணை வாரும் காண்ட்ராக்ட் பெண்கள் ஒன்பது பேர், ‘நான் வெளியே’ என்ற பாட்டைப் பாட அனுமதி கேட்டிருந்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் அந்த மேடையில் பாடியதே கிடையாது. ஒரே கலரில் சேலைகூட எடுத்துவிட்டார்கள். சார் பேப்பரைப் பார்த்ததும், “இந்தப் பாட்டா? வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

கேங்குக்குத் தலைவி செல்வராணி, மந்தாரக்குப்பத்துக்காரி. என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “வேணாம்னா வேணாம்ணே, போவட்டும். ஆனா ஒருவாட்டி காதால கேட்டுட்டு வேணாம்னு சொல்லட்டுமே. கேக்காமயே சொன்னா, நாங்க யாருகிட்டப் போயி அழறது?”

அதனால்தான் சாரை விசிட்டர் பாஸ் போட்டு அழைத்துப்போனேன்.

பாட்டு பிறந்த கதை

பல வருடங்களுக்கு முன்பு எங்கள் கேங்கின் வேலை அறுந்த பெல்ட்டை ஒட்டுவது. இரண்டு முனையையும் உரித்து, ரப்பர் வைத்து, பிரஸ்ஸுக்குள் போட்டு வேகவைப்போம். வெந்து முடியும்வரை வேறு வேலை இருக்காது. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் எட்வின் பாட்டுக் கட்டுவார். நாகர்கோவில்காரர், ஃபிட்டர், கிதார் தானாகவே கற்றவர்.

வேலை முடிந்து பெல்ட்டை ஓட்டக் குரல் கொடுக்கும் முன் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பர்மிட், சைரன் எல்லாம் தனி. அது போக, பெல்ட்டை விட்டு இறங்கிய ஒவ்வொருவனும் தன் நம்பரைச் சொல்லி, “நான் வெளியே” என்று கத்தவேண்டும். ஒருவனுக்காக இன்னொருவன் சொல்லக்கூடாது. “அவன் டீக்குப் போயிட்டான்யா, நான் பாத்தேன்” என்றாலும் செல்லாது. அவன் வாயிலிருந்தே வரவேண்டும்.

எட்வின் அந்தக் கத்தலைத்தான் ராக் பாட்டாக்கினார். ரோலர் உருளும் சத்தம் டிரம்ஸுக்குப் போனது, சைரன் கிதாருக்குள் போனது. ஒன்பது பேர், ஒன்பது குரல். ஒவ்வொரு குரலும் அடுத்ததன் தோளில் ஏறிக்கொண்டே போய், கடைசியில் எல்லோரும் சேர்ந்து கத்தும்போது அடிவயிறு அதிரும்.

மேடையில் நடந்தது

முதல் அரங்கேற்றம் கிளப்பில். எட்டுக் குரல் முடிந்தது. ஒன்பதாவது ரஹீம். அவர் முறைக்குள் வந்துவிடுவார் என்று ஆரம்பித்துவிட்டோம்; அன்றைக்குப் பார்த்து செகண்ட் ஷிப்டில் மாட்டிக்கொண்டார், வரவில்லை. வேறு எந்த பேண்டாக இருந்தாலும் யாராவது ஒருவர் அந்த வரியைப் பாடி ஒப்பேற்றியிருப்பார்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. ஆள் வெளியே வராமல் எப்படி மேலே போவது? எட்வின் கிதாரில் கையை வைத்தபடி நிற்கிறார். நாங்களும் நிற்கிறோம். விசில் பறந்தது. “மோட்டார் ட்ரிப் ஆகி நின்னுடுச்சுடோய்!” என்று ஒரு குரல். கடைசியில் திரையை இறக்கிவிட்டார்கள்.

அடுத்த மாதக் கிளப் இதழில் சார் விமர்சனம் எழுதினார். ‘இது பாடல் அல்ல, வருகைப் பதிவு. பாடகர்கள் வரியை மறந்து மேடையில் திகைத்து நின்றது பரிதாபம்.’

டவுன்ஷிப் முழுக்க அதையே பேசியது. கேண்டீன் மாஸ்டர் மட்டும் வேறு மாதிரிச் சொன்னார்: “எனக்கு சங்கீதம் தெரியாதுப்பா. ஆனா அந்தப் பாட்டு பாதியில நின்னப்ப உக்காந்திருந்தவன் எந்திரிச்சுட்டேன். யாருக்கோ என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சேன்.” பாட்டைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

சாரிடம் போய் உண்மையைச் சொல்லலாம் என்றேன். எட்வின் மறுத்துவிட்டார். “வேண்டாம்டே. கூடவே ஆளு நின்னு வெளக்கம் சொல்லணும்னா அது என்ன பாட்டு?” அதற்குப் பிறகு அவர் அதை மேடையில் பாடவே இல்லை. ரிட்டயர் ஆகி ஊருக்கே போய்விட்டார்.

பாட்டு மட்டும் போகவில்லை

ஆச்சரியம் இங்கேதான். பாட்டு சுரங்கத்திலேயே தங்கிவிட்டது. எங்களிடமிருந்து காண்ட்ராக்ட் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். கிதார் போய் ஹெல்மெட்டில் தட்டும் தாளம் வந்தது. ஒருமுறை காடாம்புலியூர் பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். முந்திரித் தோப்பு வேலை முடிந்து பெண்கள் டெம்போவில் ஏறுகிறார்கள். ஏற ஏற ஒவ்வொருத்தியும் நம்பர் சொல்லி, “நான் ஏறிக்கினேன்” என்று பாடுகிறாள். அதே மெட்டு! “யாரு பாட்டும்மா இது?” என்று கேட்டேன். “யாரு பாட்டா? எங்க பாட்டுதான்” என்று சொல்லிவிட்டு ஒருத்தி சிரித்தாள். எட்வினுக்கு போன் போட்டுச் சொன்னேன். “அவங்க பாடின மாதிரி ஒருக்கா பாடிக் காட்டுடே” என்றார்.

இளைய தோழர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். நீங்கள் செய்த ஒன்று நல்லதா கெட்டதா என்று அன்றைக்கே தெரிந்துவிடாது. யாருக்காவது அது தேவைப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அந்தக் காலை

ஜீப்பை விட்டு இறங்கியதும் சார் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். பெல்ட் நின்றிருந்தது. இந்தக் கோடியில் நின்று பார்த்தால் அந்தக் கோடி புழுதியில் கரைந்திருந்தது. பெண்கள் மண்ணை வாரி முடித்து, மண்வெட்டிகளோடு ஆபத்து எல்லையைக் காட்டும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்கள். செல்வராணி கையில் வாக்கிடாக்கி. ஹெல்மெட்டில் தட்ட ஆரம்பித்தாள்.

“ஒண்ணு… நான் வெளிய!”

“ரெண்டு… நான் வெளிய!”

சார் முகத்தைச் சுளித்தபடிதான் கேட்டார். ஆனால் விரல்கள் தாமாகவே தொடையில் தாளம் போட்டன. ஏழு வரை வந்த பாட்டு நின்றது. எட்டாவது குரல் வரவில்லை.

“என்ன, மறந்துட்டாங்களா?” என்றார் சார்.

“பாருங்க சார்.”

ஒரு பெண் சொன்னாள்: “அஞ்சலை தண்ணி மொள்ளப் போயிருக்குதுக்கா. வந்துகினேகீறா.”

“அவ வாயை அவ உன்கிட்டயா குடுத்துட்டுப் போனா? அவளே வந்து சொல்லட்டும்” என்றாள் செல்வராணி.

வாக்கிடாக்கியில் ஆபரேட்டர், “ரெடியா? ஓட்டலாமா?” என்றார். “இரு சார்” என்று மட்டும் சொன்னாள். தட்டிய கை அப்படியே நின்றது. மண்வெட்டிகூட அசையவில்லை. அவ்வளவு பெரிய இயந்திரம் ஒரு குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பெல்ட்டை ஓட்டும் மோட்டார் இருக்கிற டிரைவ் ஹவுஸுக்குப் பின்னாலிருந்து குடமும் கையுமாக அஞ்சலை ஓடிவந்தாள். மூச்சு வாங்க, “எட்டு… நான் வெளிய!” என்றாள். அறுந்த இடத்திலேயே பாட்டு மறுபடி ஒட்டிக்கொண்டது.

சார் என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு மேடையில…?”

“ஒன்பதாவது ஆள் ரஹீம் சார். ஷிப்டிலிருந்து வரல.”

“ஒம்போது… நான் வெளிய!” என்று செல்வராணியே முடித்தாள். ஆனால் தாளம் நிற்கவில்லை. எங்களைப் பார்த்தாள். “விருந்தாளியா வந்தவங்களும் கணக்குல உண்டு.”

“பத்து, நான் வெளிய!” என்றேன். இத்தனை வருடம் கழித்து!

தாளம் நின்றது. யாரும் சாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் அவருக்காகச் சொல்லவும் இல்லை. வாக்கிடாக்கியில் மறுபடி, “என்னம்மா, ஓட்டலாமா?” செல்வராணி வாக்கிடாக்கியை இடுப்பில் செருகினாள்.

வரதராஜன் சார் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். முனை மஞ்சள் கோட்டின் மேல் இருந்தது. ஓரடி பின்னால் எடுத்து வைத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, சுதி கொஞ்சமும் பிசகாமல், பெல்ட்டின் அந்தக் கோடிக்கே கேட்கிற மாதிரி எடுத்தார்:

“பதினொண்ணு… நான் வெளியே!”