எல்லோருக்கும் ஒரே அப்பா

போன ஞாயிறு கண்டி மார்க்கட்டில் கருவாடு வாங்க நின்றேன். கடைக்காரர் சாக்கின் வாயை அவிழ்த்தார். உப்பும் வெயிலும் ஊறிய அந்த வாடை மூக்கில் ஏறியதும், என் வாய் தானாகத் திறந்து, "ஸேர் கேயெர்ட்ட டாமன் உண்ட் ஹெரன்" என்றது. பெருமதிப்புக்குரிய சீமாட்டிகளே, கனவான்களே என்று அர்த்தம். ஜெர்மன்காரர்கள் அலுவலகக் கடிதத்தை அப்படித்தான் தொடங்குவார்கள். பக்கத்தில் நின்ற மனைவி, "என்னங்க, கருவாட்டுக்கா இவ்வளவு மரியாத?" என்றாள்.

சிரிக்காதீர்கள். நான் ஜெர்மன் படித்த வகுப்பு ஒரு கருவாட்டுக் களஞ்சியத்தின் மேல்மாடியில் நடந்தது. பலகைத் தரை. இடுக்கெல்லாம் வாடை. மழை பிடித்துவிட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். நனைந்த சட்டைகளும், காலையில் கட்டிய சோற்றுப் பார்சல்களும், கீழேயிருந்து ஏறிவரும் கருவாடும் சேர்ந்து ஒரே மூச்சாகும். அந்த மூச்சில்தான் நான் வினைச்சொற்களை விழுங்கினேன். இன்றைக்கும் ஜெர்மன் கம்பனியோடு வீடியோவில் பேசும்போது இரண்டு வாக்கியத்துக்கு ஒருதரம் தண்ணீர் குடிக்கிறேன். அடக்கமான ஆள் என்று அங்கே எனக்குப் பெயராம்.

அப்போது தண்ணீர்ப் பம்பு இறக்குமதி செய்யும் ஒரு கம்பனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மெஷின் செய்தவர்களோடு அவர்கள் மொழியிலேயே எழுதவும் பேசவும் ஓர் ஆள் வேண்டும் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். வகுப்பில் மற்றவர்கள் ஜெர்மனிக்குப் போய்ப் பொறியியல் படிக்கத் துடித்தவர்கள். ஜெர்மன் மொழி மேல்நிலைத் தேர்வில் தேறினால்தான் அந்தப் பல்கலைக்கழகங்களின் கதவு திறக்கும்.

படிப்பித்த சேர் ஜெர்மனியில் சில வருஷம் இருந்தவர். அங்கே என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. அவர் கொண்டுவந்த குளிர்க் கோட்டு கதவுக்குப் பின்னால் பூஞ்சணம் பூத்துத் தொங்கும். அவருடைய முறை சுலபம்: எல்லோருக்கும் ஒரே வாழ்க்கையை மனப்பாடம் செய்து கொடுத்துவிடுவார். 'என் தந்தை பொறியியலாளர். தன் காரில் வேலைக்குப் போகிறார். ஓய்வு நாளில் நாங்கள் குடும்பமாக மலையேறுவோம்.' மேசையில் டஸ்டரால் தாளம் தட்ட, வாய்ப்பாடு மாதிரி கோரஸாகச் சொல்லுவோம். தேர்வில் வரும் தொழில்நுட்பப் பேச்சுக்குக் காற்றாலை. எங்களில் ஒருவரும் காற்றாலையைக் கண்ணால் கண்டதில்லை. பேச்சு முடிந்ததும் ஜோடி கேட்க வேண்டிய கேள்விகள்கூடச் சமைத்தே பரிமாறப்பட்டன. எச்சில் சோறு என்று அப்போதே எனக்குக் குமட்டியிருக்க வேண்டும். நான் கருவாட்டின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விஜயா வருவாள். மெக்கானிக்கலில் டிப்ளோமா முடித்தவள். அவளுடைய அப்பா தேயிலைப் பெக்டரியில் ட்ரையர் ஓட்டுபவர், கொழுந்தைச் சூட்டுக் காற்றில் காய வைக்கும் அந்தப் பெரிய மெஷினை. ஒருநாள் எழுந்து கேட்டாள்:

"சேர், எங்கப்பா ட்ரையர்ல வேல செய்றாரு. நான் அதயே சொல்றேனே?"

"லயத்து வீடு, தேயிலன்னு ஆரம்பிச்சே, அவங்க விசாவே குடுக்க மாட்டாங்கம்மா. ஒனக்கு நல்ல அப்பா ஒருத்தரக் குடுத்திருக்கேன்ல, அவர வச்சுக்க."

வகுப்பு சிரித்தது. மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளை, பொழுதுபோக்குக்கு மலையேறுகிறேன் என்று சொல்லப் படித்தாள்.

வகுப்பு முடிவில் பெற்றோரைக் கூப்பிட்டு விழா. குத்துவிளக்கு, மைக், மில்க் டொபி. விஜயாவின் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, முதல் வரிசைக் கதிரையில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மடித்துவிட்ட சட்டைக் கைக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்புகள். "மைன் ஃபாட்டர் இஸ்ட் இன்ஷெனியோர்" என்று அவள் சொன்னதும் அவர்தான் முதலில் கைதட்டினார்.

படி இறங்கும்போது கேட்டார்: "இஞ்சினியர்னு ஏதோ சொன்னியேம்மா, யாரு அது?"

"நீங்கதான்ப்பா. அப்பிடித்தான் சொல்லணுமாம்."

"அடி ஆத்தே! அப்ப நாளைக்குத் தோட்டத்துத் தொரயே எந்திரிச்சு நிக்கணுமே எனக்கு!" என்று சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டார். விஜயா அதைப் பார்த்தாள்.

கொழும்பில் தேர்வு. இருவர் இருவராகப் பேச்சுத் தேர்வு. எனக்கு ஜோடி அவள். நான் காற்றாலையை ஒப்பித்து முடித்தேன். தேர்வாளர் தாளில் பூ வரைந்துகொண்டிருந்தார். அன்று அவர் கேட்ட எத்தனையாவது காற்றாலையோ. கண்டியில் அப்பாக்கள் எல்லோரும் ஒரே காரில் போகிறார்கள் என்றுகூட நினைத்திருப்பார். விஜயா தொடங்கினாள்: "என் அப்பா தேயிலை ட்ரையரில் வேலை செய்கிறார்." இலக்கணம் தடுக்கியது, வேர்த்தது. சொல் கிடைக்காத இடத்தில் கையால் காற்றை வீசிக் காட்டினாள். சூடு கூடினால் இலை வெளியே கருகி உள்ளே ஈரமாக நிற்கும் என்றாள். பூ வரைந்த பேனா நின்றது. அடுத்து நான் கேள்வி கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரே கேள்வி. "இது எத்தனை வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கும்?" என்றேன்.

"ஒரு வீட்டுக்கும் கொடுக்காது. தேநீர் கொடுக்கும்."

தேர்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். இருவரும் தேறினோம். அவள் ஜெர்மனிக்குப் போய்விட்டாள், படித்தாள், அங்கேயே வேலை.

அவளுடைய அப்பா வேலை செய்த பெக்டரி இப்போது மூடிக் கிடக்கிறது. ட்ரையரைப் பழைய இரும்புக்கு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கண்டிக்குப் பக்கத்தில், திகனவில் விஜயா கட்டிய வீட்டில் அவளுடைய அப்பா இருக்கிறார். கருவாடு வாங்கிய அந்த ஞாயிறு மத்தியானம் அவரைப் பார்க்கத்தான் போனேன். பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டுக்கு வெளியே ஒரு குரல்:

"இஞ்சினியர் அய்யா, இரிக்கிறீங்களா? எங்கட மோட்டர் ஒரு மாதிரி கத்துது. ஒருக்கா வந்து பாருங்களே."

பக்கத்துக் கடை முதலாளி. "இந்தா வர்றேங்க" என்று எழுந்தார் அவர். என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இங்கிட்டு எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கேன் தம்பி. புள்ளைக்கு மரியாத வேணும்ல."

எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. அவரால் அல்ல. சேர் கொடுத்து, மகள் தூக்கியெறிந்த அந்த வாடகை அப்பா ஹேவாஹெட்ட வரைக்கும் தேடிப்போய், இவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டான். ட்ரையர் ஓட்டிய மனிதர் தமிழில் இப்போது எங்கேயும் இல்லை. கொழும்பில் ஒரு தேர்வறையில், மகளின் தடுக்கி விழுந்த ஜெர்மனில், சில நிமிஷம் இருந்தார்.