இரண்டாவது மீட்டருக்கு ஓர் அடுப்பு

திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் ஆள் எழுந்தால் ஃபேன் நிற்க வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். தண்ணீர் குடிக்க எழுந்தவர் திரும்பி வருவதற்குள் நிறுத்திவிடுவார். ஃப்ரிட்ஜ் ராத்திரி முழுக்க ஓய்வெடுத்துவிட்டு, காலையில் பொங்கிப் புளித்த மாவைக் கொடுக்கும். இத்தனை செய்தும், ரீடிங் எடுப்பவர் அட்டையில் எழுதிவிட்டுப் போவதைப் பார்த்தால் அப்பாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அப்பா, அம்மா, நான், சித்தப்பா, சித்தி என ஐந்து பேரின் கரண்டும் ஒரே மீட்டரில் ஓடியது. யூனிட் கூடக்கூட அதன் விலையும் கூடும்.

வழி கண்டுபிடித்தவர் சித்தப்பா. அவர் எதற்கும் ஒரு வழி கண்டுபிடிப்பார். அதிலிருந்து வெளியே வரும் வழியைத்தான் நாங்கள் தேட வேண்டியிருக்கும். பின்கட்டுக்குத் தன் பெயரில் தனி மீட்டர் வாங்கிவிட்டால், இலவச நூறு யூனிட் ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை கிடைக்கும் என்றார். ஒரே ஒரு சிக்கல். தனிக் குடும்பம், தனிச் சமையல் என்று கரண்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்து பார்த்து எழுத வேண்டும்.

"ஒரு நாளைக்கு நடிச்சா போதும்ணா" என்றார் சித்தப்பா.

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகள் கிடந்த பின்னறை சமையலறை ஆனது. அம்மா பெருந்தன்மையாகப் பழைய அடுப்பையும் நசுங்கிய இரண்டு பாத்திரங்களையும் கொடுத்தாள். மீதியைச் சித்தி பார்த்துக்கொண்டாள். அலமாரியில் தாள் விரித்தாள், ஜன்னலுக்குத் திரை தைத்தாள். நடிப்புக்கு எதற்கு இவ்வளவு என்று அம்மா சிரித்தாள். எட்டு வயதான என் வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. கேட்டால் மட்டும், "சித்தி வூடு வேற, எங்க வூடு வேற" என்று சொல்ல வேண்டும்.

வந்தவர் நல்ல மனிதர். மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "உங்க சித்தி நல்லா சமைப்பாங்களா பாப்பா?" என்று கேட்டார். இதற்கு யாரும் எனக்குப் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை.

"தெரியாது சார். எங்கம்மாதான் எல்லாருக்கும் சமைப்பாங்க" என்றேன்.

சித்தப்பா கூரையைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. வந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

"கொழந்தைக்கு என்னா தெரியும், நீங்களே வந்து பாருங்க சார்" என்று அம்மா அவரைப் பின்னறைக்கு அழைத்துப்போனாள். அங்கே சித்தியின் அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்மாவின் அஞ்சறைப்பெட்டி இருந்தது.

"இது எப்ப இங்க வந்திச்சி? இத நான் குடுக்கலியே" என்றாள் அம்மா.

"ஒரு நாளைக்குத்தானக்கா."

"அதுக்கு? கேக்காம எடுத்துக்கினு வந்துடுவியா?"

"கேட்டா குடுத்துருப்பீங்களா? ஒம்போது வருசமா அந்தக் கிச்சன்ல வெங்காயம் உரிச்சிக்கினே கெடக்கறேன். ஒரு நாளு கரண்டியத் தொட வுட்டிருக்கீங்களா?"

கரண்ட் ஆபீஸ்காரர் நிற்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். கெடாரில் இருக்கும் சித்தியின் அண்ணன் முதல் அம்மாவின் கல்யாணச் சீர்வரிசை வரை எல்லாம் சந்திக்கு வந்தது. சித்தப்பா சைகை காட்டிக்கூட நிறுத்த முடியவில்லை. வந்தவர் அவசரமாகப் பேனாவைத் திறந்து எழுதினார்.

"நல்லாத் தெரியுதுங்க. ரெண்டு குடும்பந்தான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மீட்டர் உறுதியான சந்தோஷத்தில் சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அப்பா அன்றைக்கு ஆள் இல்லாமல் ஓடிய ஃபேனைக்கூட மன்னித்துவிட்டார். மதியம் அம்மா, கோபம் ஆறியோ ஆறாமலோ, வழக்கம்போல் ஐந்து தட்டு வைத்தாள். சித்தி வரவில்லை. கூப்பிட என்னை அனுப்பினார்கள்.

பின்னறையில் சித்தி தரையில் உட்கார்ந்து, தான் வைத்த குழம்பைத் தானே ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் என்னவோ சிரித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. விஷயத்தை இவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"சித்தி, அவரு போய்ட்டாரு. இனிமே நடிக்க வேணாம்" என்றேன்.

சித்தி எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். மீன் நன்றாகவே இருந்தது. மறுநாளும், அதற்கடுத்த நாளும் பின்னறையில் அடுப்பு எரிந்தது. அவர் போய்விட்டார் என்று நானும் தினமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.