பின்சீட்டில் ஒரு தலை

மார்லிஸ் ஸ்கோகன் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். விஸ்கான்சினின் மேற்குப் பக்கத்துக் குன்றுகளில், பனி கொட்டுகிற ஜனவரியிலும் சரி, சேறு குழைகிற மார்ச்சிலும் சரி, அவள் பஸ்ஸில் ஏறிய பிள்ளை எதுவும் வழியில் விடுபட்டதில்லை. வண்டியை நகர்த்துமுன் கண்ணாடியில் பார்த்துத் தலை எண்ணுவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்தாலும் அவள் வாய் முன்வரிசைத் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கும் என்று அவள் புருஷன் ஆர்டன் சொல்வான். அது பொய்யும் இல்லை.

ஆர்டன் பால் டாங்கர் ஓட்டியவன். பண்ணை பண்ணையாகப் பால் ஏற்றிச் சீஸ் ஆலையில் இறக்குகிற வேலை. ஆக, ஒரே வீட்டில் இரண்டு டிரைவர்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய வண்டி எது தெரியுமா? ஒரு ஹேண்டில்பார் மட்டும் வேலை செய்கிற வண்டி. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற நீளச் சைக்கிள். திருப்புவது, பிரேக் பிடிப்பது, கியர் மாற்றுவது எல்லாம் முன்னால் இருப்பவர் பாடு. பின்னால் இருப்பவருக்குப் பெடலும் பொறுமையும்தான்.

"கனமான ஆளுதான் முன்னால உக்காரணும். அதான் சட்டம்" என்றான் ஆர்டன், வாங்கிய அன்றைக்கே. அந்தச் சட்டத்தை எழுதியவனும் அவனே. மார்லிஸ் பின்னால் ஏறினாள்.

ஒவ்வொரு செப்டம்பரிலும், மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கும் சனி ஞாயிறில், நோர்லியிலிருந்து ஃபால்க் வரை போய் ஓர் இரவு தங்கித் திரும்புவார்கள். ரயில் நின்றுபோய், தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, சுண்ணாம்புக்கல் தூள் பரப்பிய பாதை அது. ரயிலுக்காகப் போட்டதால் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். அவசரம் உள்ளவர்களுக்கு நெடுஞ்சாலை இருக்கிறது. இவர்கள் ஒவ்வொரு பாலத்திலும் நிறுத்தி ஓடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். பாதி வழியில் ரயிலுக்காகக் குன்றைக் குடைந்த ஒரு குகை. அதைத் தாண்டினால் மேட்டு உச்சியில் டெல்பர்ட்டின் சாராயக்கடை. அங்கிருந்து ஃபால்க் வரை ஒரே இறக்கம், அதில் மட்டும் எங்கும் நிறுத்த மாட்டார்கள்.

முதல் வருஷமே அந்தக் கடைவாசலில்தான் மானம் போனது. கிளம்பும்போது முன்னால் இருப்பவர் "ரெடியா?" என்று கேட்க வேண்டும். பின்னால் இருப்பவர் "போலாம்" என்று சொல்ல வேண்டும். ஆர்டன் கேட்டான், மார்லிஸ் சொன்னாள். சொன்ன பிறகு ஷூ நாடா செயினில் மாட்டியதைப் பார்த்துக் கீழே இறங்கினாள். வண்டி போய்விட்டது. ஆர்டன் பால் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே ஃபால்க் வரை போய், இரண்டு ஐஸ்கிரீம் வாங்கித் திரும்பியபோதுதான் கையில் ஒன்று அதிகம் என்று தெரிந்தது. அதையும் தின்றுவிட்டுத்தான் திரும்பி வந்தான் என்பது மார்லிஸின் கட்சி. உருகி வழிந்துவிட்டது என்பது அவன் கட்சி.

அன்றைக்குப் பிடித்தாள் பிடி. கல்யாண வீடு, சர்ச் காபி, வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு எதையும் விடவில்லை. "அம்பது பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறேன், ஒண்ணக்கூடத் தொலைச்சதில்ல. இந்த மனுஷனுக்கு இருந்தது ஒரே ஒரு பாசஞ்சர்!" ஊரே சிரிக்கும். ஆர்டனும் சிரிப்பான். "பின்னால கனமே தெரியலப்பா. அவ மிதிச்சாத்தானே தெரியும்?" என்று திருப்பிக் கொடுப்பான்.

அந்தப் பதில் மட்டும் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். அவ்வளவு தூரம் பெண்டாட்டி இல்லாததே ஒருவனுக்குத் தெரியாமல் போகுமா? இதை அவள் யாரிடமும் வேடிக்கையாகக்கூடக் கேட்டதில்லை.

இந்த வருஷம் வசந்தத்தில் ஆர்டனின் கண்ணுக்கு நடுவே ஒரு மங்கல் விழுந்தது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே இருப்பது தெரியாது. கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சைக்கிளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்று மே மாதத்தில் வண்டியை எடுத்தான். சாலை குறுக்கிடும் இடங்களில் கார் நுழையாமல் இருக்கப் பாதை நடுவே கம்பம் நட்டிருப்பார்கள். நேரே அதில் கொண்டுபோய் முட்டினான். மார்லிஸுக்கு முழங்கால் சிராய்த்தது. அவனுக்கு ஒரு கீறலும் இல்லை, ஆனால் அடி என்னவோ அவனுக்குத்தான்.

அதன்பின் கோடை முழுக்க வண்டி கொட்டகைச் சுவரில் தொங்கியது. டெல்பர்ட் தன் மகளுக்காகக் கேட்டான். "எடுத்துட்டுப் போ. எங்களுக்கு எதுக்கு?" என்றான் ஆர்டன்.

மார்லிஸ் குறுக்கே விழுந்தாள். "ஒரு தடவ போயிட்டு வந்து குடுப்போம். நான் முன்னால, நீ பின்னால."

"நானா? பின்னாலயா? மூட்டையாட்டமா?"

"நான் இத்தன வருஷம் என்னவாட்டம் உக்காந்திருந்தேன்?"

ஆர்டனிடமிருந்து பேரம்தான் வந்தது. "சரி. ஆனா எனக்கு எங்க புடிக்கலயோ அங்க எறங்கிடுவேன். டெல்பர்ட்டு பிக்கப் லாரியக் கொண்டுவந்து என்னையும் வண்டியையும் ஏத்திக்குவான். அதோட விட்ரணும்."

"விட்டுர்றேன்" என்றாள் மார்லிஸ். வாய்தான் சொன்னது. அந்தப் பாதை போய்விட்டால், இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் டெலிவிஷனைப் பார்த்தபடி உறைந்துபோவோம் என்று அவளுக்குப் பயம்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். ஆர்டன் மூச்சு விடவில்லை. கேட்டதற்கு "ம்". கேட்காததற்கு அதுவும் இல்லை. கம்பம் வரும் இடமெல்லாம் மார்லிஸ் வேகத்தைக் குறைத்து நடுவில் போகாமல் பக்கவாட்டில் நுழைந்தாள். பஸ்ஸைவிட இது எளிதாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லாத அளவுக்கு அவளுக்குப் புத்தி இருந்தது.

குகைக்குள் யாரும் ஓட்டக்கூடாது, இறங்கித் தள்ள வேண்டும். உள்ளே கும்மிருட்டு. மேலே இருந்து தலையில் சொட்டும். மார்லிஸ் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ள, ஆர்டன் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அங்கேதான் வந்தது.

"இங்க நிம்மதியா இருக்கு. எவனுக்கும் கண்ணு தெரியாது."

மார்லிஸ் டார்ச்சை அவன் காலடிக்குத் திருப்பினாள். "காலப் பாத்து வை" என்று மட்டும் சொன்னாள்.

டெல்பர்ட் கடையில் அன்று காலையில் செய்த சீஸ் துண்டுகள் இருந்தன, கடித்தால் பல்லில் கீச்சென்று கத்துகிற பதத்தில். ஒரு கூடை தின்றார்கள். "என்ன ஆர்டன், பிக்கப்ப எடுக்கட்டுமா?" என்றான் டெல்பர்ட். ஆர்டன் அதற்கும் "ம்" என்றான். ஆமாம் என்ற ம்மா, இல்லை என்ற ம்மா, கடவுளுக்கே வெளிச்சம்.

வெளியே வந்து ஏறினார்கள்.

"ரெடியா?"

"போலாம்."

இறக்கம். காற்று எதிரே வந்தது. முன்சீட்டில் உட்கார்ந்தால் உலகம் இவ்வளவு அகலம் என்று மார்லிஸுக்கு இதுவரை தெரியாது. இத்தனை வருஷமாக அவள் பார்த்தது இரண்டு ஓரங்களையும் நடுவில் ஆர்டனின் சட்டை முதுகையும்தான். இப்போது பள்ளத்தாக்கு முழுக்க மடி விரித்துக் கிடந்தது. அவனுக்குத் தெரியாதே என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனாள்.

"இடது பக்கம் கொக்கு ரெண்டு நிக்குது, தலையில செவப்போட. அந்தப் பண்ணை வீட்டுக் கொட்டகைக்குப் புதுப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க, ஐயோ, கண்றாவிக் கலரு. சோளம் காஞ்சு போச்சு, இன்னும் அறுக்கல சோம்பேறிப் பய."

காலையிலிருந்து இல்லாத பதில் இப்போது மட்டும் எங்கிருந்து வரும்? பாலம் ஒன்று வந்தது. இதுதான் நேரம் என்று தோன்றியது அவளுக்கு.

"ஆர்டன், கேளு. எனக்கு இந்த சைக்கிள் முக்கியமில்ல. நீ முன்னால இருந்தா என்ன, பின்னால இருந்தா என்ன. நீ இல்லாம இந்த வழி எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். கோவப்படு, திட்டு, ஆனா எறங்கி மட்டும் போயிராத."

வண்டி பாலத்தைத் தாண்டியது.

எதிரே பக்கத்து மாநிலத்து இல்லினாய்க்காரர்கள் இரண்டு பேர் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். உடம்பில் ஒட்டிய பளபளா உடையும் ஒரு கார் விலைச் சைக்கிளுமாக வருகிறவர்கள் வேறு யாராக இருக்கும்? அதில் ஒருவன் பிரேக் பிடித்தான். "மேடம், பின்னால இருந்தவரு விழுந்துட்டாரா?"

மார்லிஸ் திரும்பிப் பார்த்தாள். சீட்டில் வெயில் உட்கார்ந்திருந்தது.

விழுந்தானா, எங்கே விழுந்தான்? அடுத்த நிமிஷமே பேரம் நினைவுக்கு வந்தது. பிடிக்காத இடத்தில் இறங்கிவிடுவேன் என்றானே. இறங்கிவிட்டான். வண்டியைத் திருப்பி ஏற்றத்தில் மிதித்தாள். காலுக்கு மட்டும் தெரிகிற ஏற்றம் இப்போது நெஞ்சுக்கும் தெரிந்தது. நீள வண்டியை ஒற்றை ஆளாக மிதித்து ஏறும்போது ஒன்று உறைத்தது. தனக்கும்தான் தெரியவில்லை. இறக்கத்தில், எதிர்க்காற்றில், ஆசையாகப் பேசிக்கொண்டு போகிற ஆளுக்குப் பின்னால் இருப்பவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதுதான். அவனும் அன்றைக்குப் பேசிக்கொண்டுதான் போனான், அவள் கேட்கிறாள் என்ற நம்பிக்கையில். ஒரு மனுஷனை இதற்காக இத்தனை வருஷம் வறுத்தெடுத்தாயிற்றே!

மேட்டுக்கு வந்தபோது கடையில் இருந்தவர்கள் பூராவும் வாசலில் நின்றார்கள். டெல்பர்ட்டின் பிக்கப் உறுமிக்கொண்டிருந்தது, பின்கதவு திறந்தபடி. ஆர்டன் பாதையோர பெஞ்சில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டாங்கய்யா தலை எண்ணுற டிரைவர்!" என்று கத்தினான் டெல்பர்ட். வாசலே குலுங்கியது.

மார்லிஸ் மூச்சு வாங்க வண்டியை நிறுத்தினாள். "நீ... போலாம்னு சொன்னியே!"

"சொன்னேன். தொப்பி பறந்துச்சு, எறங்கினேன். நீ பறந்துட்ட."

"மூணு தடவ கூப்பிட்டேன், வா கொண்டுபோயி விடறேன்னு" என்றான் டெல்பர்ட். "ஏற மாட்டேங்கறான். என் டிரைவர் வருவா, அவ யாரையும் விட்டுட்டுப் போனதில்லைங்கறான். கண்ணெதிர விட்டுட்டுத்தானடா போனா!"

ஆர்டன் எழுந்தான். காலையிலிருந்து காணாமல் போயிருந்த சிரிப்பு முகம் முழுக்கப் பரவியிருந்தது. "டெல்பர்ட்டு, உன் மகளுக்கு வேற சைக்கிள் பாரு. இந்தக் கதைய நான் ஊரு பூரா சொல்ல வேண்டியிருக்கு. அதுக்கு அடுத்த வருஷமும் இதுல வந்தாகணும்." பின்சீட்டைக் கையால் தடவிப் பார்த்து ஏறி உட்கார்ந்தான். "அது சரி, வழியில என்ன பாத்த?"

"எல்லாத்தையும் சொல்லியாச்சு."

"நான் இல்லாதப்ப சொன்னதெல்லாம் சேராது. மொதல்லருந்து சொல்லு."

மார்லிஸ் திரும்பி, வாய்விட்டு எண்ணினாள். "ஒண்ணு." பிறகுதான் வண்டி நகர்ந்தது.

கொக்குகள் இன்னும் அங்கேயே நின்றன, சொன்னாள். கண்றாவிக் கலரைச் சொன்னாள். அறுக்காத சோளத்தைச் சொன்னபோது பின்னாலிருந்து, "சோம்பேறிப் பய" என்று குரல் வந்தது. பாலம் வந்தது. அங்கே சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் மறுபடி சொன்னாள். ஒருமுறை காற்றுக்குச் சொன்னது வேறு. அவனுக்குச் சொல்வது வேறு.

திரும்பிப் பார்க்கலாமா என்று நினைத்தாள். அதற்குள் இறக்கத்திலேயே வண்டி முன்னைவிட வேகமாக ஓடியது. அவன் மிதித்துக்கொண்டிருந்தான்.

"நான் எங்கயும் போகல" என்றான் ஆர்டன். "நீ கம்பத்தப் பாத்து ஓட்டு."