மழை பெய்தால் வருவார்

வயிற்றில் இரண்டு என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து எனக்கு வாய் நிற்கவில்லை. எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் யார் எதைக் கேட்டாலும், "எனக்கென்ன, ஒரே தடவையில ரெண்டு வேலைய முடிச்சிருவேன்" என்பேன். தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் பால் வெட்டுகிறவர்கள். நாட்டில் சண்டையை நிறுத்திச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

ஏழாம் மாதம் தொடங்கிய கையோடு, ஒரு நாள் காலையில் இடுப்பு வலித்தது. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்கள் சீரகத்தைக் கறுக வறுத்துக் கஷாயம் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் லயத்தில் அதுதான் பரீட்சை. குடித்து வலி அடங்கினால் சூட்டு வலி, கூடினால் பிள்ளை வலி. எனக்கு அடங்கிவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்துவிட்டு மலைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் தோட்டத்து மிட்வைஃப் அம்மா வந்தார். என் வயிற்றில் ஒரு கையை வைத்து, மறுகைக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். வயிறு இறுகுவதும் தளர்வதுமாக இருந்தது. எனக்கு அது வலியாகவே படவில்லை.

"வலி கொறைஞ்சா நின்னுருச்சுன்னு யாரு சொன்னா ஒனக்கு? ஏழு மாசத்துல ரெட்டப் புள்ளைய வச்சுக்கிட்டு சீரகத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்திருக்கியே, அறிவிருக்கா?" என்று லயமே கேட்கக் கத்தினார். நானும் சும்மா விடுகிற ஆளில்லை. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் மாற்றுத்துணியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

தோட்டத்து லொறியில் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தொடையில் ஓர் ஊசி போட்டு, உடனே ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டிய மெஷின் அங்கேதான் உண்டு, பிறந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட வயிற்றோடு கொண்டுபோவதுதான் பத்திரம் என்று டாக்டர் சிங்களத்தில் விளக்கினார். வீட்டுக்காரர் மலையில் இருந்தார். அவருக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் நான் அவிசாவளையைத் தாண்டியிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டைக் கட்டை வைத்து உயர்த்தி என்னைப் படுக்க வைத்தார்கள். கையில் சேலைன் ஏறியது. அதில் கலந்த மருந்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல்கள் நடுங்கின. பிள்ளைகளின் இதயத்துடிப்பை வயிற்றில் இரண்டு இடத்தில் தேடிக் கேட்பார்கள். இரண்டாவது கிடைக்கும்வரை நான் மூச்சு விடமாட்டேன்.

மிஸ்ஸி, நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். இந்த மருந்து பிரசவத்தை நிறுத்தாதாம். தள்ளிப்போட மட்டும்தானாம். தொடையில் போடுகிற ஊசி பிள்ளைகளின் நுரையீரலைப் பலப்படுத்த வேண்டும், அதற்கு இரண்டு நாளாவது வேண்டும், அதுவரை தாங்கு நங்கி, தாங்கு தங்கச்சி என்றார். எதைத் தாங்குவது, எப்படித் தாங்குவது? தும்மல் வந்தால்கூட எனக்குப் பயம்.

வீட்டுக்காரர் வந்து அந்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தார். பார்க்கவிடும் நேரத்தில் உள்ளே வந்து, என் கால்மாட்டில் நின்று கட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாம் நாள் வயிறு அமைதியானது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் ஒரு நாள் வராவிட்டால் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கங்காணி சொல்லி அனுப்பியிருந்தார்.

"வலி நின்னுருச்சு. நீங்க போங்க" என்றேன்.

"நெசமாவா புள்ள?"

"நெசமாத்தான். போயி ஒங்க மரத்தப் பாருங்க."

மிஸ்ஸி அத்தனை சொல்லியும் எனக்குள் அந்தச் சீரகக் கஷாயம்தான் பேசியது. வீட்டுக்காரர் போன மறுநாளே பிரசவமாகிவிட்டது. பிள்ளை டாக்டர்கள் இரண்டு பேர், சூடாக்கிய இரண்டு சின்னக் கட்டில்களோடு காத்து நின்றார்கள். முதலாவது பெண். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கொடுத்தாள். இன்றைக்கு என்னையே எதிர்த்துப் பேசுகிறாள், அது வேறு கதை. அடுத்தது பையன். சத்தமே இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது துணிக்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

ஊர்ச் சந்திக் கடைக்கு டெலிபோன் எடுத்து, வீட்டுக்காரரிடம் சொல்லச் சொன்னேன். மறுபடி எடுத்தபோது கடைக்காரர், "மழை பெஞ்சதும் வர்றேன்னு சொல்லச் சொன்னாரும்மா" என்றார். மழை பெய்ய வேண்டுமாம்! நான் என்ன வருண பகவானா? ஆனால் அதில் நியாயம் இருந்தது. பட்டை நனைந்தால் பால் வெட்ட முடியாது, அன்றைய கூலிக் கணக்கில் யாருக்கும் பேர் போட மாட்டார்கள். பேர் இல்லாத நாளில்தான் அவர் மரத்தை விட்டுவிட்டு வர முடியும்.

வெயிலோ கொளுத்தியது. எங்கள் சப்ரகமுவப் பக்கம் மழை இல்லாத வாரம் என்று ஒன்று உண்டா? அந்த வாரம் உண்டு. விடிந்ததும் ஜன்னலில் வானத்தைப் பார்ப்பேன், துடைத்து வைத்த மாதிரி இருக்கும். அந்த வெயிலைத் திட்டிய மாதிரி நான் யாரையும் திட்டியதில்லை.

வார்டில் எல்லோரும் சிங்களப் பெண்கள். நல்லவர்கள்தான், தங்கள் சோற்றுப் பார்சலில் எனக்கும் ஒரு பங்கு நீட்டுவார்கள். சண்டை போடுகிற சிங்களம் எனக்கு நன்றாக வரும். அழுகிற சிங்களம் வராது. பார்க்க வருகிறவர்கள் நேரத்தில் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் ஒரு குடும்பம் நிற்கும். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடப்பேன். பிள்ளை பெற்றவள் பக்கத்தில் பிள்ளையும் இல்லை, புருஷனும் இல்லை. அவ்வளவு தனிமையை நான் காட்டு மரங்களுக்கு நடுவில்கூடக் கண்டதில்லை.

எனக்கென்று இருந்த ஒரே வேலை பால் பிழிவதுதான். மாரில் வைத்துக் கொடுக்கும் அளவுக்குப் பிள்ளைகளுக்குப் பலமில்லை. கையால் பிழிந்து, இரண்டு சின்னக் கோப்பைகளில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பிள்ளைகள் அறைக்கு நடப்பேன். மிஸ்ஸி அதை மெல்லிய குழாய் வழியாக அவர்கள் வயிற்றுக்குள் விடுவார். முதல் நாள் கோப்பையின் அடிகூட நனையவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது. பையன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். கண்ணாடிப் பெட்டியின் துவாரம் வழியாக ஒரு விரலை நீட்டினால் பிடித்துக்கொள்வான். விடவே மாட்டான். "அப்பன் வரட்டும்டா, ரெண்டு பேரும் சேர்ந்து அந்த ஆள ஒரு புடி புடிப்போம்" என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு நாள் விடியும்போதே தகரக் கூரையில் சடசடவென்று சத்தம். எழுந்து உட்கார்ந்தேன். மழை! பக்கத்துக் கட்டில் அக்காவிடம், "இன்னைக்கு அவர் வருவார்" என்று சிங்களத்தில் சொன்னேன். அன்றைக்குப் பார்த்துப் பாலும் நன்றாக வந்தது. இரண்டு கோப்பையும் நிறைய எடுத்துக்கொண்டு போனேன்.

மிஸ்ஸி ஒரு கோப்பையை மட்டும் வாங்கினார். மற்றதை வாங்காமல், அதைப் பிடித்திருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். பையனின் இரத்தத்தில் கிருமி சேர்ந்துவிட்டதாம், விடியற்காலையில்தானாம். அவர் சொன்னது எல்லாம் எனக்குப் புரிந்தது. அன்றைக்குச் சிங்களத்திலேயே அழுதேன்.

வீட்டுக்காரர் பகலில் வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பிள்ளைகள் அறை வாசலில் நின்று, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"பாத்தியா, பெஞ்சிருச்சு! எங்க, ரெண்டு பேரையும் காட்டு."

அவரைத் திட்டுவதற்கென்று ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"மொதல்ல கையக் கழுவுங்க" என்றேன்.

குழாயடியில் நின்று கழுவினார். முழங்கை வரை சோப்புப் போட்டார். ரப்பர் பால் ஒட்டிக் கறுத்த விரல்கள் லேசில் வெளுக்காது. "இந்தக் கையோட எப்புடிப் புள்ளைங்களத் தொடுறது?" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு, நகத்தை நகத்தால் சுரண்டி, மறுபடியும் சோப்பை எடுத்தார். போதும் என்று நான் சொல்லவில்லை. கழுவி முடிக்கும்வரையாவது அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கட்டும் என்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.